ஆறு மாத ஊசிக்கு லீவு கிடையாது

போன மாதம் எலும்புப்புரை (எலும்பு உள்ளே பொத்தலாகிப் பலம் இழக்கும் ஆஸ்டியோபோரோசிஸ்) பற்றி நான்கு வரி எழுதினேன். அதன் பலன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலும்புதான். வழக்கமாகச் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. கடலூரில் அரசு மருத்துவமனை மருந்தகக் கவுண்டரில் 31 வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். எந்த மருந்து யாருக்கு என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். வாங்கிப்போன மருந்தை வீட்டில் வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

என் அம்மாவுக்கு வயது 69. எலும்புப்புரைக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை 70 மி.கி. வாரம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்ட அன்று நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை என்கிறார். நிறுத்திவிடலாமா அக்கா?
*- வாசகி, நெல்லிக்குப்பம்*

நிறுத்துவதற்கு முன்னால், அம்மா மாத்திரை போடும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதுநகரிலிருந்து வரும் ஒரு அம்மா இதே புகாரோடு கவுண்டருக்கு வந்தார். "எப்படிப் போடுறீங்க?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் காபி போட்டு, அந்தக் காபியில் ஒரு வாய் வைத்து மாத்திரையை விழுங்குவாராம். "வெறும் வயித்துல போடச் சொன்னீங்க, டிபன் சாப்பிடலியே" என்றார். காபி அவருக்கு உணவுக் கணக்கில் வரவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதானே என்று மறுபடி படுத்துக்கொள்வாராம். எரியாமல் என்ன செய்யும்?

இந்த மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். அதனால் ஒரு டம்ளர் நிறைய, 200 மில்லிக்குக் குறையாமல், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். மென்று தின்பதோ சப்புவதோ கூடாது. விழுங்கிய பின் அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், வாசலில் கோலம் போடலாம்; படுக்க மட்டும் கூடாது. காபி, பால், வேறு மாத்திரை எல்லாம் அந்த அரை மணிக்குப் பிறகுதான். மாதம் ஒரு முறை போடும் ஐபாண்ட்ரோனேட் என்றால் அரை மணி போதாது, ஒரு மணி நேரம்.

ஏன் இத்தனை கெடுபிடி? சொன்னபடி ஒழுங்காகப் போட்டாலே இந்த மருந்து நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. சேரும் அந்தத் துளியையும் காபியில் இருக்கும் பால் பிடித்துக்கொண்டால், மாத்திரை வந்த வழியே போய்விடும். கால்சியத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் இதற்கு. எலும்பில் போய் உட்காருவதும் அதனால்தான், பாலில் வீணாவதும் அதனால்தான். கால்சியம் மாத்திரையையும் மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

தண்ணீர் என்றேனே, அதிலும் ஒன்று உண்டு. நம் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது பாருங்கள், அதில் பெரும்பகுதி கால்சியம். அந்தத் தண்ணீர் வேண்டாம். இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதையும் அங்கேதான் போய் நிற்கிறது. குழாய்களில் உப்பு படியாமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் பாஸ்பேட் வகைகள் முன்பே இருந்தன. நம் உடம்பிலும் அப்படி ஒன்று, பைரோபாஸ்பேட், இருக்கிறது என்பதை 1960-களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பின்தொடர்ந்து போனார்கள். அதைப் போலவே, ஆனால் உடம்பு சீக்கிரம் உடைத்துவிட முடியாததாக ஒன்றைத் தேடியபோது வந்ததுதான் பிஸ்பாஸ்போனேட். உங்கள் அம்மா கையில் இருக்கும் மாத்திரை அந்த வம்சம்.

இப்படியெல்லாம் ஒழுங்காகப் போட்டும் நாலு வாரம் எரிந்தால், அல்லது விழுங்கும்போதே வலித்தால், போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுக்குப் போகாமல் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து இருக்கிறது. ஒரு ஞாயிறு மறந்துபோனால் நினைவு வந்த மறுநாள் காலையில் ஒன்று போட்டுவிட்டு, அடுத்ததைப் பழையபடி ஞாயிறே போடலாம். ஒரே நாளில் இரண்டு கூடாது.

எனக்கு 71 வயது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி, இதுவரை மூன்று போட்டாயிற்று. உடம்பு நன்றாகவே இருக்கிறது. பிரான்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்கு எட்டு மாதம் போகிறேன். நாலாவது ஊசியைத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்தானே?
*- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி*

கூடாதம்மா. இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைப் பதற வைத்தது உங்களுடையதுதான்.

நம் எலும்பில் எப்போதும் இரண்டு வேலை நடக்கிறது. பழையதை ஒரு கூட்டம் இடிக்கும், இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டும். மாதவிடாய் நின்ற பிறகு இடிப்பது வேகம் எடுக்கும். டெனோசுமாப், இடிக்கும் செல்கள் உருவாகச் சொல்லும் சமிக்ஞையை மறித்துவிடுகிறது. 60 மி.கி., தோலுக்கு அடியில் ஒரு குத்து, ஆறு மாதம் நிம்மதி. நல்ல மருந்துதான். 2009-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது.

ஆனால் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை மாத்திரை மாதிரி இது எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதம் முடிந்தால் முடிந்தது. மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜூன் நடுவில் தடை நீங்கியதும் ஒரு படகு, இரண்டு படகா கிளம்பும்? மொத்தமாகக் கிளம்பும். அதே கதைதான் இங்கேயும். மறிப்பு விலகியதும் இடிக்கும் கூட்டம் முன்பு இருந்ததைவிட அதிகமாகக் கிளம்புகிறது. சேர்த்து வைத்த எலும்பு ஒரு வருடம், இரண்டு வருடத்தில் கரைந்துபோகலாம். சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றல்ல, இரண்டு மூன்று இடத்தில் முறிவு வந்திருக்கிறது, கீழே விழாமலேயே.

எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு நடந்தது. ஊசி நாள் தாண்டி நாலைந்து மாதம் ஆகியிருந்தது, "வலிதான் இல்லையே" என்று விட்டுவிட்டார். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். கன்னியக்கோயில் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட, முதுகில் 'நறுக்'கென்றதாம். எக்ஸ்-ரேயில் இரண்டு முள்ளெலும்பு, மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி அமுங்கியிருந்தது.

எனவே, கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். ஊசி தேதி பக்கத்தில் வந்திருந்தால் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு அடுத்தது அங்கே இருக்கும்போது வரும் என்றால், மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்ஸிலும் இதே ஊசி உண்டு, அங்கே ஒரு டாக்டர் மூலம் போட்டுக்கொள்ள மகன் ஏற்பாடு செய்யட்டும். பெட்டியில் எடுத்துப்போகும் யோசனை வேண்டாம். அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், ஊறுகாய் பாட்டில் மாதிரி இல்லை. எப்படியும் ஏழாவது மாதத்தைத் தாண்ட விடக்கூடாது. இனி இந்த ஊசியே வேண்டாம் என்று முடிவானாலும் வெறுமனே நிறுத்த முடியாது. அந்த இடத்தில் வேறு மருந்து ஒன்றை டாக்டர் தொடங்குவார், பெரும்பாலும் ஸோலெட்ரோனிக் ஆசிட் டிரிப் (ஞாயிற்றுக்கிழமை மாத்திரையின் வம்சம்தான், நரம்பு வழியாக ஏற்றுவது).

மூட்டு வலிக்கு இந்த எலும்பு மாத்திரையை வாங்கிப் போடலாமா?
*- வாசகர், பண்ருட்டி*

வேண்டாம். உங்களுக்குத் தேய்ந்திருப்பது மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு. இது எலும்பு உள்ளே பொத்தலாகும் நோய்க்கான மருந்து. இரண்டையும் 'தேய்மானம்' என்று ஒரே பெயரில் சொல்லிச் சொல்லி நாமே குழப்பிவிட்டோம். எலும்புப்புரை, எலும்பு உடையும்வரை வலிக்கவே வலிக்காது.

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து, -2.8, எலும்பு உளுத்துவிட்டது என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பா கொடுத்தார்கள். எனக்கு 52 வயது. பயமாக இருக்கிறது.
*- வாசகி, அரியாங்குப்பம்*

டப்பா வாங்கியாகிவிட்டதா? சரி, போகட்டும்.

குதிகால் மெஷின் ஒலி அலையை வைத்து ஒரு குறிப்புச் சொல்கிறது, அவ்வளவுதான். எலும்பின் அடர்த்தியை இளவயது ஆரோக்கிய எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் 'டி ஸ்கோர்'. அது -2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்ற கணக்கு 1994-ல் உலக சுகாதார நிறுவனக் குழு வகுத்தது. டெக்ஸா என்ற எக்ஸ்-ரே ஸ்கேனில், இடுப்பிலும் கீழ் முதுகிலும் எடுக்கும் அளவுக்குத்தான் அது பொருந்தும். குதிகால் எண்ணைத் தூக்கி அந்தக் கணக்கில் வைக்கக் கூடாது. இரண்டிலும் 'டி ஸ்கோர்' என்றே அச்சடித்துக் கொடுப்பதால்தான் இந்த வம்பு.

அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டி, டெக்ஸா எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். சின்னதாக விழுந்து கை ஒடிந்திருக்கிறதா, அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா, ஸ்டீராய்டு சாப்பிட்டீர்களா, இதையெல்லாம் அவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். பவுடரில் ஏதோ கால்சியம் இருக்கும்தான். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டைப் பற்றி அரியாங்குப்பத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டாம். ரத்தக் கொதிப்பு இருந்தால் மட்டும் கருவாட்டு உப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலும்புச் சத்துக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகத் தினமும் போடுகிறேன். வாய் குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம். வெயில்தான் காரணமோ?
*- வாசகர், குறிஞ்சிப்பாடி*

இதைப் படித்த உடனே அந்த மாத்திரையை நிறுத்துங்கள். இன்றே டாக்டரிடம் போய் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியம் மாத்திரையும் இருந்தால் அதையும் அவரைப் பார்க்கும்வரை தொட வேண்டாம்.

60,000 யூனிட் பொதுவாக வாரம் ஒன்று, அதுவும் எட்டு வாரம் போல. சீட்டில் 'வாரம் 1' என்று எழுதியதைப் பார்க்காமல், அட்டையைக் கையில் வாங்கியதும் தினசரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கவுண்டரில் இதற்காகவே அட்டை மேல் சிவப்பு மையில் கிழமையை எழுதிக் கொடுப்பேன். அப்படியும் ஒருவர், "சீக்கிரம் தேறட்டும்னு தினமும் போட்டேன்மா" என்று வந்து நின்றார். இது எண்ணெயில் கரையும் சத்து. மிஞ்சியது சிறுநீரில் போகாது, உள்ளேயே சேரும். கால்சியம் ஏறும், சிறுநீரகம் அடி வாங்கும்.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. வைட்டமின் டி ரொம்பக் குறைந்தால் எலும்பு மென்மையாகிவிடும் நோய் வரும். ஆஸ்டியோமலேசியா என்று சீட்டில் எழுதுவார்கள். எலும்பெல்லாம் நோகும், சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதற்கு மருந்து வைட்டமின் டியும் கால்சியமும்தான். அது தெரியாமல் எலும்புப்புரை டிரிப் ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி, கைவிரல் இழுத்துக்கொள்ளும். பாராதைராய்டு சுரப்பிக் கோளாறிலும், மயலோமா என்ற ரத்தப் புற்றிலும்கூட எலும்பு பலம் போகும். மருந்து தொடங்குமுன் "எதுக்கு டாக்டர் இத்தனை டெஸ்ட்?" என்று சலித்துக்கொள்கிறீர்களே, இதற்குத்தான்.

எனக்கு 57 வயது, ஆண். மூச்சிரைப்புக்கு நாலு வருடமாக பிரெட்னிசோலோன் போடுகிறேன். போன மாதம் இருமும்போது விலா எலும்பு ஒடிந்தது. எலும்பு நோய் பெண்களுக்குத்தானே வரும்?
*- வாசகர், விருத்தாசலம்*

இருமியதற்கு எலும்பு ஒடிகிறது என்றால் அது ஆண், பெண் பார்க்கவில்லை. நீங்கள் போடும் பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. அது எலும்பைக் கட்டும் கூட்டத்தையே முடக்கிவிடும். சேதம் முதல் ஆறு மாதத்திலேயே வேகமாக நடக்கும். மூன்று மாதத்துக்கு மேல் தினமும் ஸ்டீராய்டு என்றால், எலும்புக்கு என்ன செய்யலாம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கச் சொல்லி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அது உங்கள் தப்பில்லை. இப்போது போய்க் கேளுங்கள். ஆனால் தயவுசெய்து பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்காகப் போட்டதைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. இன்ஹேலருக்கு மாறி மாத்திரையைக் குறைக்க முடியுமா என்பதையும் நெஞ்சு டாக்டரிடம் கேட்கலாம்.

சீட்டில்லாத ஸ்டீராய்டும் உண்டு. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடியைத் தின்று இரண்டே நாளில் வலி போய்விட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன், கன்னம் உப்பியிருக்கிறதா என்று.

இந்த எலும்புப்புரை மருந்துகளால் தாடை எலும்பு அழுகும் என்கிறார்களே? பல் பிடுங்க வேண்டியிருக்கிறது.
*- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதிகம் வருவது, புற்றுநோய்க்காக இதே மருந்துகளைக் கூடுதல் அளவில் அடிக்கடி ஏற்றிக்கொள்பவர்களுக்கு. மருந்து இன்னும் தொடங்கவில்லை என்றால் பல் வேலையை முதலில் முடியுங்கள். தொடங்கிவிட்டீர்கள் என்றால், என்ன மருந்து, எத்தனை வருடம் என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த லாஸ்பேட்டை அம்மாவுக்குச் சொன்னதை ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

பல வருடம் போட்டவர்களுக்குத் தொடையில், விழாமலேயே, ஒரு அபூர்வ முறிவு வருவதுண்டு. அதற்கு முன்பே தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருக்கும். அந்த வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் எக்ஸ்-ரே எடுங்கள்.

மாமியாருக்கு முதுகெலும்பு இரண்டு முறை முறிந்து, தினமும் போடும் டெரிபாரடைடு பேனா கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாள்? செலவு கட்டுப்படியாகவில்லை.
*- வாசகி, தேவனாம்பட்டினம்*

இதுவரை சொன்னதெல்லாம் இடிப்பவர்களைத் தடுக்கும் மருந்து. இது கொத்தனாரை உசுப்பி வேலை வாங்கும் மருந்து, அதனால்தான் மோசமான முறிவுகளுக்கு எழுதுகிறார்கள். தினம் 20 மைக்ரோகிராம், வயிற்றிலோ தொடையிலோ. பொதுவாக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் போவதில்லை. முடிந்ததும் வேறு மருந்து தொடர வேண்டும், இல்லாவிட்டால் கட்டிய சுவர் பூசாமல் மழையில் கரைந்த கதைதான். ரோமோசோசுமாப் என்று மாதா மாதம் 12 மாதம் போடும் ஊசியும் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது.

செலவு முடியாவிட்டால் பாதியில் மௌனமாக விட்டுவிடாமல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், விலை குறைந்த மாற்று உண்டு. பேனாவை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இந்த ஊர் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் ஐஸ் கட்டியோடு ஒரு தெர்மோகோல் பெட்டி தயாராக இருக்கட்டும். பேனா ஐஸ் மேல் நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே மேடம், உங்கள் எலும்பு எப்படி இருக்கிறது?
*- வாசகி, மஞ்சக்குப்பம்*

நல்ல கேள்வி. 61 வயதில் கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல் பக்கத்தில் வழுக்கினேன், கையை ஊன்றினேன், வலது மணிக்கட்டு போயிற்று. ஓர் இடத்தில் மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், "போய்ட்டு வாங்கம்மா" என்றார்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஏன் ஒடிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 31 வருடம் கவுண்டரில் நின்ற நானும் கேட்கவில்லை, அதுதான் வெட்கக்கேடு. ஒரு வருடம் கழித்துப் புடவைக் கொசுவம் தரையில் புரளுவதைப் பார்த்து மகள்தான் என்னைச் சுவரில் நிறுத்தி அளந்தாள். மூன்று செ.மீ. குறைந்திருந்தேன்.

டெக்ஸாவில் இடுப்பு -2.9. ஸோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி., வருடம் ஒரு டிரிப். கிரியேட்டினின் பார்த்து, வைட்டமின் டி சரிசெய்து, தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லி ஏற்றினார்கள். கால் மணி நேர வேலை. மறுநாள் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி, சிக்குன்குனியா திரும்பி வந்ததோ என்று நினைத்தேன். பாராசிட்டமாலில் இரண்டு நாளில் சரியாயிற்று. இரண்டாம் வருடம் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று டிரிப் முடிந்து இப்போது -2.3. ஒரு வருடம் விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இந்த மருந்து எலும்பிலேயே தங்கியிருப்பதால் எனக்கு அந்த லீவு கிடைத்தது, ஆறு மாத ஊசிக்காரர்களுக்குக் கிடைக்காது. அடுத்த ஸ்கேன் ஆவணியில். துவைக்கும் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்பருத்தி வைத்திருக்கிறேன்.